ஒரு தோல், இரண்டு குச்சி: தப்பட்டையைச் சாம்ப்ளருக்குள் அமைப்பது

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் எங்கள் பக்கம் நோம்பிக் காலம், அதாவது திருவிழாக் காலம். பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டார்கள் என்றால் ஊருக்கு ஊர் அம்மன் பாட்டு கேட்கத் தொடங்கிவிடும். புதிதாக வரும் பாட்டுகளில் நிறைய, வீட்டு அறையில் ஒரு கணினியும் சின்ன மிடி கீபோர்டும் வைத்துச் செய்தவை. ஈரோடு, கோபி, திருப்பூர், பொள்ளாச்சி என்று எல்லா ஊரிலும் இந்த வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நானும் அதே வேலைதான் செய்கிறேன்.

அந்தப் பாட்டுகளில் வரும் தப்பட்டையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ஒலி சுத்தமாக இருக்கும், கனமாகவும் இருக்கும். ஆனால் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவன் காலை அது தூக்காது. அதே தாளத்தை நேரில் ஒருவர் அடித்தால் சும்மா நிற்பவர்களும் தோளை ஆட்டுவார்கள். இந்த வித்தியாசத்துக்கு மைக்தான் காரணம், விலை கொடுத்து நல்ல சாம்பிள் பேக் (பதிவு செய்த அடிகளின் தொகுப்பு) வாங்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல மைக்கில் எடுத்த அடிகளையும் சாம்ப்ளருக்குள், அதாவது பதிவு செய்த ஒலிகளைக் கட்டை அழுத்தி வாசிக்க வைக்கும் மென்பொருளுக்குள், தப்பாக அடுக்கினால் இதே சப்பென்ற ஓசைதான் வரும். டிரம் செட்டின் கிக், ஸ்நேருக்கு உண்டான சட்டத்தில் தப்பட்டையைக் கொண்டுபோய்த் திணிக்கிறோம், கோளாறு அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். 1980ல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1, நிஜ டிரம் ஒலிகளைப் பதிவு செய்து சிப்பில் வைத்து வாசித்த முதல் டிரம் மெஷின். 1983ல் மிடி, அதாவது மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை, வந்தது. அழுத்தும் கட்டைக்கு ஓர் எண், அழுத்திய வேகத்துக்கு 1 முதல் 127 வரை இன்னோர் எண். இந்த இரண்டாவதைத்தான் வெலாசிட்டி என்கிறோம். 1988ல் அகாய் எம்பிசி60 பதினாறு பேட்களை (விரலால் தட்டும் சதுரங்களை) நான்குக்கு நான்காக வைத்துக் கொடுத்தது. 1991ல் வந்த ஜெனரல் மிடி, கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் (ஜோடித் தகடு) 42, திறந்த ஹை-ஹேட் 46 என்று எண்களை நிலைநிறுத்தியது. இன்றைக்கு ஏபிள்டனின் டிரம் ராக், கான்டாக்ட், எஃப்எல் ஸ்டூடியோவின் எஃப்பிசி, இலவசமாகக் கிடைக்கும் டீசன்ட் சாம்ப்ளர் என்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் வேலை தொடங்கும் இடம் ஒன்றுதான். ஒரு பேடுக்கு ஒரு வாத்தியம், ஒவ்வொரு அடியும் தனித்தனி ஃபைல்.

டிரம் செட்டுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. கிக்கின் தோல் வேறு, ஸ்நேரின் தோல் வேறு. தப்பட்டையில் இருப்பதோ ஒரே தோல். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டியது. அதை இரண்டு கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடது கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. அடிக்குச்சி தோலின் நடுவில் குத்தி எழும், அதில் வருவது வயிற்றில் தட்டும் ஒலி. சிண்டுக்குச்சி மேல் விளிம்பிலிருந்து தோலின் மேல் படுத்து விழும், சுள்ளென்று ஒரு வெட்டு கேட்கும். அடிக்குச்சியின் அதிர்வு அடங்குவதற்கு முன்பே சிண்டு அதே தோலில் விழுந்து, ஓடிக்கொண்டிருந்த அதிர்வைக் கலைத்துவிடும். தப்பட்டையின் துடிப்பு பாதி இந்தக் கலைப்பில்தான் இருக்கிறது. பேக்கில் வரும் சாம்பிள்களில் ஒவ்வொரு அடியும் முழுசாக ஒலித்து அடங்கும்வரை காத்திருந்து எடுத்திருப்பார்கள். அவற்றை வேகமாக வாசித்தால் ஒரு அடியின் வால்மேல் அடுத்த அடியின் வால் ஏறி, எல்லாம் சேர்ந்து ஓர் இரைச்சலாகிவிடும்.

கணக்கும் அதையே சொல்கிறது. நிமிடத்துக்கு 140 தட்டு வேகத்தில், தட்டுக்கு நான்கு அடி வைத்தால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சுமார் 107 மில்லிசெகண்டுதான் இருக்கிறது. அனலில் நன்றாகக் காய்ச்சிய தப்பட்டையின் அடி அதைவிட அதிக நேரம் ஒலிக்கும். ஆக, வேக வாசிப்பில் எந்த அடியும் முழுசாக முடிவதே இல்லை. அந்த முடியாத அடிகளைத்தான் நாம் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர் பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில். இரவும் பகலும் விசைத்தறி ஓடும் இடம். தறிச் சத்தம் காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. அதனால் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் வரும் அறிவிப்புக்காகக் காத்திருந்து, அந்த நாளில் பதிவு வைத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் சுற்றுவட்டாரத்தில் அத்தனை தறியும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர் இருந்தால் போதும். 50 ஹெர்ட்ஸ் மின் முரலும் இல்லாமல் பதிவு அவ்வளவு தெளிவாக வரும். இடம், சொந்தக்காரர் ஒருவரின் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) முன்வாசல். அறைக்குள் எடுத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒவ்வொரு அடியோடும் ஒட்டிக்கொள்ளும், பிறகு எதிலும் உரிக்க முடியாது. வெளியில் அந்தத் தொல்லை இல்லை. மயில் அகவினால் மட்டும் அந்த அடியை விட்டுவிட வேண்டியதுதான். இப்போது எங்கள் பக்கம் கோழியைவிட மயில் அதிகம்.

அடித்தவர் என்னைவிட மூத்தவர். நோம்பி, சீர், சாவு என்று எல்லாவற்றுக்கும் போகிறவர். தென்னஞ்சோகையைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோல் விறைக்க விறைக்கச் சுதி ஏறுவது எனக்கே கேட்டது. ஒவ்வொரு அடியாக, நடுவில் இடைவெளி விட்டு அடிக்கச் சொன்னபோது நான்கைந்து அடி அடித்துவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, இப்படி ஒண்ணொண்ணா அடிச்சா கை வராதுங்க. ஓட்டத்துல அடிச்சாத்தான் அது அடி."

"சரிங்ணா, நீங்க ஓட்டத்துலயே அடிங்க. நான் வெட்டி எடுத்துக்கறேன்."

அந்த வேலையில் இதுவே பெரிய திருப்பம். அவர் ஒரு தாளத்தை மெதுவாக, அப்புறம் நடு வேகத்தில், அப்புறம் வேகமாக அடித்தார். ஒவ்வொரு வேகத்திலும் அடக்கமாக, சாதாரணமாக, முழு பலத்தோடு என்று மூன்று விதம். தாளத்தை முடிக்கும் ஒவ்வொரு கடைசி அடியையும் மட்டும் ஒலி தானாக அடங்கும்வரை விட்டுவைத்தார். இதில் இரண்டு குவியல் கிடைத்தது. ஓட்டத்துக்குள் இருக்கும் குட்டை அடிகள் ஒன்று. முழுசாக முழங்கி அடங்கும் நிறுத்தடிகள் இன்னொன்று. ஓட்டத்தில் விழும் அடிக்குச் சாய்வு வேறு, தனியாக விழும் அடிக்குச் சாய்வு வேறு. முந்தைய அடியில் எழும்பிய குச்சி எங்கிருந்து இறங்குகிறதோ, அது ஒலியில் இருக்கிறது.

சூடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுதி இறங்கும். காலையில் பலமான அடிகளை எல்லாம் எடுத்துவிட்டு, தோல் ஆறிய பிறகு மெல்லிய அடிகளை எடுத்தால், சாம்ப்ளரில் கட்டையை மெதுவாக அழுத்தும்போது ஒரு சுதியும் ஓங்கி அழுத்தும்போது வேறு சுதியும் கேட்கும். கேட்பவருக்கு அது இரண்டு வாத்தியம். அதனால் ஒரு சூட்டுக்குள் எல்லாப் பலத்தையும் எடுத்து முடித்துவிட வேண்டும். மறுபடி காய்ச்சினால் மறுபடி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஃபைல் பெயரிலேயே எந்தச் சூட்டில் எடுத்தது என்று குறித்து வைத்தேன். கொஞ்சம் வேறுபாடு இருந்தால் சாம்ப்ளரில் சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் சரிசெய்யலாம். பெரிய வேறுபாட்டைச் சரிசெய்யப் போனால் தோலின் குணமே மாறிவிடும். சிந்தெடிக் தோல் போட்ட தப்பட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அனலில் விறைத்த மாட்டுத்தோலின் மேல்சுரங்கள் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மைக் இரண்டு. தோலிலிருந்து ஓர் அடி தள்ளிச் சற்றுச் சாய்வாக ஒரு டைனமிக் மைக், இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கண்டென்சர். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிகப் பலமான அடியும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி ஒருமுறை கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) வைத்தால் பதிவு முடியும்வரை அந்தக் குமிழைத் தொடக்கூடாது. அடிகளுக்கு நடுவே பலத்தில் உள்ள வேறுபாடு இயல்பாக இருப்பது அதனால்தான்.

வெட்டும் வேலைக்கு வருவோம். நேரம் தின்னும் வேலை, பொறுமையாகத்தான் செய்ய வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கிட்ட மைக்குக்கும் தூர மைக்குக்கும் நடுவே இருக்கும் தூரத்தால் தூர மைக்கில் அடி சுமார் 5 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். இரண்டையும் தனித்தனியே வெட்டி, இரண்டின் தொடக்கத்தையும் ஒட்ட வைத்துவிட்டால் அந்தத் தாமதம் போய்விடும், அதோடு வெளியின் உணர்வும் போய்விடும். கிட்ட மைக்கில் அடி தொடங்கும் இடத்துக்கு ஒன்று, இரண்டு மில்லிசெகண்ட் முன்னால் கோடு போட்டு, இரண்டு ஃபைலையும் அதே கோட்டில் வெட்டுவதுதான் முறை. அதற்குமேல் முன்னால் காலி இடம் விட்டால் விரல் அழுத்திய பிறகு ஒலி வரத் தாமதமாகும், வாசிக்கிறவருக்குத் தாளம் நழுவும். முடிவில் ஒலி படிப்படியாகக் குறையும்படி சின்ன ஃபேட் வைத்தால் டிக் என்ற சத்தம் வராது. ஓட்டத்து அடியை அடுத்த அடி தொடங்குவதற்குச் சற்று முன்னால் முடித்துவிட வேண்டும்.

எல்லா அடியையும் தனித்தனியே நார்மலைஸ் செய்யச் சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு. தப்பட்டைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எல்லா அடியையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டு, பிறகு வெலாசிட்டியை வைத்துச் சத்தத்தைக் குறைத்தால், மெல்லிய அடி எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்ற தகவலை அழித்துவிட்டு அதை ஊகத்தால் நிரப்புகிறோம். பதிவில் இருந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அப்போது சாம்ப்ளரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாம்ப்ளர்கள் பெரும்பாலும் தாமாகவே குறைந்த வெலாசிட்டிக்குச் சத்தத்தைக் குறைக்கும். பதிவிலும் மெல்லிசு, சாம்ப்ளரும் குறைக்கிறது என்றால் மெல்லிய அடி காதிலேயே விழாது. வெலாசிட்டியால் சத்தம் மாறும் அளவை 20, 30 சதவீதத்துக்கு இறக்கினால், ஒரு லேயருக்கும் (ஒரு வெலாசிட்டி வரம்புக்கு உரிய அடிகளின் அடுக்கு) அடுத்த லேயருக்கும் நடுவே உள்ள படி மட்டும் வழுவழுப்பாகும்.

லேயர்களை 127ஐச் சமமாகப் பங்கு போட்டுப் பிரிப்பது இன்னொரு பழக்கம். தப்பட்டை அடிக்கும் கை அப்படிச் சமமாகப் பரவுவதில்லை. மெல்லிய அடி கொஞ்சம்தான், பெரும்பாலும் நடுவிலிருந்து மேலேதான் விளையாட்டு. என் அமைப்பில் 1 முதல் 40 வரை ஒரே லேயர். அப்புறம் 75 வரை ஒன்று, 100 வரை ஒன்று, 118 வரை ஒன்று, அதற்குமேல் கடைசி லேயர். மேலே போகப் போகப் படிகள் நெருக்கமாகின்றன. உங்கள் கீபோர்டின் தொடு உணர்வுக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும். வாசித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே பலத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும்போது ஒரே ஃபைல் ஒலித்தால் மெஷின்கன் சுடுவதுபோல் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் ரவுண்ட் ராபின், அதாவது ஒரே லேயரில் பல ஃபைல்களை மாற்றி மாற்றி ஒலிக்க விடுவது. பலரும் நான்கு வைக்கிறார்கள். தட்டுக்கு நான்கு அடி வரும் தாளத்தில் நான்கு ஃபைல் வைத்தால் ஒவ்வொரு தட்டின் முதல் அடியிலும் அதே ஃபைல் வந்து உட்காரும். நான்கு போட்ட பலன் இல்லாமல் புதிதாக ஒரு சுழற்சி காதில் விழும். மூன்று மூன்றாகப் போகும் நடைக்கு மூன்று வைத்தாலும் இதே கதைதான். ஐந்தோ ஏழோ வையுங்கள். இரண்டு கைக்கும் எண்ணிக்கையை வேறாக வைத்தால் இன்னும் நல்லது. நான் சிண்டுக்கு ஐந்தும் அடிக்குச்சிக்கு ஏழும் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்குத் திரும்ப நெடுநேரம் ஆகும். இவ்வளவு ஃபைல் போட்டால் மெமரி தாங்குமா என்று பயப்பட வேண்டாம். இரண்டு நொடி ஸ்டீரியோ அடி ஒன்று இந்தத் தரத்தில் அரை எம்பிக்குக் கொஞ்சம் மேல். இருநூறு ஃபைல் வைத்தாலும் நூற்றுப் பதினைந்து எம்பிதான்.

இனி மையமான விஷயம். ஹை-ஹேட்டுக்குச் சாம்ப்ளர்களில் பழைய வசதி ஒன்று உண்டு. திறந்த ஹை-ஹேட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ஹை-ஹேட்டை அடித்தால் முந்தையது நின்றுவிடும். இதைச் சோக் குரூப் என்பார்கள். ஏபிள்டன் டிரம் ராக்கில் இப்படிப் பதினாறு குழு வரை வைக்கலாம். கான்டாக்டில் இதை வாய்ஸ் குரூப் மூலம் செய்யலாம், நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் அங்கேயே வைக்கலாம். எஸ்எஃப்இசட் வகை சாம்ப்ளர்களில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலிலேயே எழுதிவிடலாம். ஒரே தோலில் இரண்டு குச்சி விழுவதற்கும் இதுவே போதும். சிண்டையும் அடிக்குச்சியையும் ஒரே குழுவில் போடுங்கள். ஆனால் டக்கென்று அறுக்க விடாதீர்கள். ஹை-ஹேட் அப்படி அறுந்தால் அழகு, தோல் அறுந்தால் பொய்.

எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதில் இரண்டு குச்சிக்கும் ஒரே அளவு கிடையாது. கனத்த அடிக்குச்சி விழுந்தால் சிண்டின் ஒலி உடனே காணாமல் போகும். அதற்கு 15 மில்லிசெகண்ட் வைத்தேன். சிண்டு விழும்போது அடிக்குச்சியின் அதிர்வு கலையும், ஆனால் முழுசாகச் சாகாது. அடியில் அந்தக் கனம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதற்கு 60 மில்லிசெகண்ட். இந்த இரண்டு எண்ணையும் வைத்துவிட்டு முதல்முறை வேகமாக வாசித்தபோதுதான் இரைச்சல் விலகித் தாளம் நடக்கத் தொடங்கியது. கம்ப்ரஸர், ஈக்யூ என்று ஒலியைத் திருத்தும் கருவி எதுவும் போடவில்லை. ஒரு எச்சரிக்கை: கிட்ட மைக்கையும் தூர மைக்கையும் ஒரே குழுவில் போட்டால் சில சாம்ப்ளர்களில் ஒன்று மற்றதை அணைத்துவிடும். தூர மைக்குக்குத் தனிக் குழு வைத்து, அங்கே இந்த நேரங்களைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டைகளில் வைக்கும் இடமும் முக்கியம். சிண்டு இடது கையில் இருப்பது, எனவே இடப்பக்கக் கட்டை. அடிக்குச்சி அதற்கு வலப்பக்கம். நிறுத்தடி, விளிம்படி இரண்டும் அதற்கடுத்து. 36, 38 என்ற எண்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. தப்பட்டை அடிக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டைகளில் இரண்டு கையையும் வைத்தால் தன் கை தனக்குத் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். அடித்தவரையே உட்கார வைத்துப் பார்த்தேன். முதலில் தயங்கினார், பிறகு இடது, வலது பிடிபட்டதும் நாங்கள் பதிவு செய்யாத ஒரு தாளத்தை வாசித்தார். "சத்தம் நம்முளுதுதானுங்க, ஆனா சிண்டு இன்னுங் கொஞ்சம் முந்தோணும்" என்றார். சிண்டின் தொடக்கத்தில் விட்டிருந்த இரண்டு மில்லிசெகண்டை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது.

துடும்பு என்ற பெரிய முரசு வேறு சங்கதி. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் நோம்பியில் கேட்டிருப்பீர்கள், அதன் அடி நிலத்தில் இறங்கும். அதைக் கிக்குக்குப் பதிலாக 36ல் வைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடிகளுக்கு நடுவே இடமும் அதிகம். ஜமாப் மாதிரிக் கூட்டமாக அடிப்பதைக் காட்ட வேண்டும் என்றால் ஒரே டிராக்கை நகலெடுத்துக் கீழே கீழே போடாதீர்கள். ஒரே ஃபைல் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஒலித்தால் சத்தம் 6 டெசிபல் கூடுமே தவிர ஆள் கூடமாட்டார். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே கையால் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு சூட்டில் எடுத்த அடிகளைக் கொடுத்தால் கூட்டம் தானாக வரும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கூலி கொடுத்து எடுத்த அடி பல வருஷம் பல பாட்டில் ஓடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டும், அதில் வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமையாக 50 ஆண்டும் தருகிறது. தப்பட்டை அடிப்பவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டால் கொடுக்கும் தொகையையே இதற்கும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. என் பாட்டுகளில் மட்டும் பயன்படுத்துவேன், வெளியே விற்றால் இவ்வளவு பங்கு, பெயர் கட்டாயம் வரும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாம்பிள் எடுக்கப் போகிறவர்கள் ரெக்கார்டரோடு இந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது உடுக்கை. இதில் சிக்கல் வேறு மாதிரி. இடது கை நடுவில் இருக்கும் கயிற்றை அழுத்த அழுத்தச் சுதி ஏறும், விட்டால் இறங்கும். கீபோர்டில் சுதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் வீலால் இதைச் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் சாதாரணமாகச் சாம்ப்ளர் சுதியை ஏற்றும்போது ஒலியின் நீளமும் சேர்ந்து குறுகும், உடுக்கையில் அப்படி ஆவதில்லை. தளர்வு, நடு, இறுக்கம் என்று மூன்று நிலையில் தனித்தனியே பதிவு செய்து, கீபோர்டில் உள்ள இன்னொரு சக்கரமான மாட் வீலை உருட்டும்போது ஒன்று மங்க மற்றது எழும்படி (கிராஸ்ஃபேட்) வைப்பதாகத் திட்டம். அண்ணன்மார் கதைக்கு உடுக்கை அடிக்கும் ஒருவர் காங்கேயம் பக்கம் இருக்கிறார். ஆடி போகட்டும், வாங்க என்று சொல்லியிருக்கிறார். மூன்று நிலை போதுமா, ஐந்து வேண்டுமா என்பதை அவர் இடது கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.